பத்துக் காசு மேசை

தோற்ற மறுவாரமே சிரித்துக்கொண்டு சின்ன மேசையில் போய் உட்காரக்கூடிய மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் எல்லாம், என் அப்பாவையும் சேர்த்து, தோற்ற இடத்திலேயே இன்னும் பெரிதாக ஆடி மீட்கப் பார்ப்பார்கள். அவர் அப்படியில்லை. எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஒரு படி கீழே இறங்கிவிடுவார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. இப்போது பேரப் பிள்ளைகளோடு இருக்கிறார். தாத்தா ஒரு காலத்தில் போக்கர் ஆடிப் படித்தவர் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. மலாய் நாட்டு மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்தில் இருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவருடைய அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துக் கோடியில் இருந்த சின்ன ஜெபக் கூடத்தில் பிரசங்கம் செய்பவர். ஊரே அவரை உபதேசியார் என்றுதான் சொல்லும். உபதேசியார் வீட்டுப் பிள்ளை சீட்டுக்கட்டோடு திரிந்தது எழுபதுகளின் கடைசியில் எங்கள் மலையில் பெரிய பேச்சு.

சீட்டு அவருக்கு ஈப்போவில் வந்தது. பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் படிக்க அந்தப் பட்டணத்துக்குப் போய் மாணவர் விடுதியில் தங்கியிருந்தார். மழை நாட்களில் பையன்கள் வேர்க்கடலையை வைத்து போக்கர் ஆடுவார்களாம். கடலை முடிந்து ஐந்து காசுக்கு வந்தபோது அவர் கையில் பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறை மட்டும்தான் இருந்தது. அதிலேயே தொடங்கினார். "பணக்காரப் பசங்க நல்லாத்தான் ஆடுவாங்க தங்கச்சி. ஆனா மோசமான சீட்டைக் கீழ வைக்க மனசு வராது. நான் வச்சிருவேன். அவ்ளோதான் வித்தியாசம்" என்று ஒருமுறை சொன்னார்.

ஜெயித்ததையெல்லாம் ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தார். அதற்கு "மொதலு" என்று பெயர். டின்னில் இருப்பதில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஒருநாளும் மேசைக்குக் கொண்டு போகமாட்டார். அது போய்விட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது. யார் கூப்பிட்டாலும், எவ்வளவு கேலி செய்தாலும் எழுந்துவிடுவார். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் முதல் வருடக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் அந்த டின் தான் என்பது அவர் கணக்கு. வீட்டில் ஒன்பது உருப்படிகள். அப்பாவிடம் கேட்டால் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும்.

உபதேசியாரிடம் அவர் இதை மறைக்கவில்லை. ஒரு விடுமுறையில் டின்னைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்து, இது எப்படி வந்தது என்று தானே சொல்லிவிட்டார். அடி விழும் என்று லயமே வாசலில் காத்திருந்தது. உபதேசியார் அடிக்கவில்லை. "இந்தக் காசுல ஒரு பிடி அரிசிகூட இந்த வூட்டுக்கு வரக்கூடாது. நீ படிக்கிறதுக்குன்னு சொல்றே. அது உனக்கும் ஆண்டவருக்கும் உள்ள கணக்கு" என்று சொல்லிவிட்டு, வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

அவர் ஆடுவதை நான் பார்த்தது திரிங்காப் என்ற ஊரில். அங்கே காய்கறித் தோட்டங்களுக்கு நடுவில் பெரிய தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. கோசும் தக்காளியும் அங்கே தரம் பிரித்து லாரியில் ஏறும். சனிக்கிழமைகளில் தோட்டத்தில் அரைநாள் வேலை முடிந்ததும் அம்மா அந்தக் கொட்டகை வாசலில் தேநீரும் வடையும் விற்பாள். நான் கூடப் போவேன். அண்ணன் விடுமுறைகளில் அங்கே கூடை சுமந்தார். சரக்கு ஏறும்வரை காத்திருக்கும் லாரி ஓட்டுநர்கள் கவிழ்த்துப் போட்ட பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்து பத்துக் காசுக்கு ஆடுவார்கள். ஒரு சீட்டைக் கவிழ்த்து, நான்கு சீட்டைத் திறந்து ஆடும் போக்கர். அண்ணனும் அதில் உட்கார்ந்தார்.

பார்த்தால் சூதாடி என்று சொல்லமுடியாது. முழங்கையில் ஒட்டுப்போட்ட பச்சைக் கம்பளிச் சட்டை. குளிருக்கு மூக்கு எப்போதும் சிவந்திருக்கும். நல்ல சீட்டு வந்தாலும் மோசமான சீட்டு வந்தாலும் ஒரே மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொள்வார். அந்த மூக்கை வைத்து எதையுமே கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஓட்டுநர்கள் அலுத்துக்கொள்வார்கள். பத்து ஆட்டத்தில் ஏழு ஆட்டம் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மாவிடம் வடை கேட்பார்.

டின் கனத்தபோது பிரிஞ்சாங் டவுனுக்குப் போனார். அங்கே கோப்பிக் கடை ஒன்றின் பின்கட்டில் ஒரு வெள்ளிக்கு, அதாவது நூறு காசுக்கு, ஆடும் மேசை. காய்கறி வியாபாரிகள், கடைக்காரர்கள், சம்பளம் வாங்கிய கையோடு வரும் தோட்டத்து ஆட்கள். இரண்டு சனிக்கிழமை ஜெயித்தார். மூன்றாவதிலும் நான்காவதிலும் தோற்றார். ஐந்தாவது சனிக்கிழமை எங்கள் கொட்டகையில் மறுபடி பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர்களுக்குக் கொண்டாட்டம்.

"என்னாலா, டவுன் மாப்ள! மேல போனவரு எறங்கி வந்துட்டாரு?"

"ஆமாண்ணே. மேல மழை. கொஞ்ச நாளு இங்க ஒதுங்கிக்கிறேன்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சீட்டைக் கலைத்தார். அவமானத்தை மறைத்துக்கொண்டு சொன்ன மாதிரி இல்லை. உண்மையிலேயே மழைக்கு ஒதுங்கியவர் மாதிரிதான் இருந்தார். சில வாரங்களில் மறுபடி பிரிஞ்சாங் போனார். பிறகும் ஒருமுறை இறங்கி வந்தார். அந்த ஏற்ற இறக்கம் எங்களுக்குப் பழகிவிட்டது.

சீட்டைப் புகழ்ந்து எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே கொட்டகையில் ஆடிய ஓட்டுநர் ஒருவர் மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து ஆடினார். அந்தம்மா எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கும் அது தெரியாத கதை இல்லை.

என் அப்பா தொழிற்சாலையில் மண்டோர். பத்து இருபது பேருக்கு மேலே நின்று வேலை வாங்குகிறவர். நடையிலேயே அது தெரியும். கோப்பிக் கடை ஒரு வெள்ளி மேசையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. அவரை யாராவது திரிங்காப் கொட்டகைக்குக் கூப்பிட்டால், "மண்டோரு போயி பத்துக் காசுக்கு ஆடுறதா? ஊரு சிரிக்காதா?" என்பார். ஊர் சிரித்துவிடக் கூடாது என்பதற்காக எங்கள் வீட்டில் பல மாதங்கள் மீன் வாங்கவில்லை.

அண்ணன் ஆறாம் படிவத் தேர்வு எழுதிவிட்டு ஊருக்கு வந்த டிசம்பர் அது. நானும் அந்த வருடம்தான் பள்ளியிறுதியான ஐந்தாம் படிவத் தேர்வு எழுதியிருந்தேன். ஆண்டுக் கடைசிப் போனஸ் கொடுத்த சனிக்கிழமை அப்பா நேரே பிரிஞ்சாங் போனார். தம்பி தங்கைகளுக்குக் காலில் போடச் சப்பாத்து, பள்ளிக்கூடச் சட்டை, பள்ளிக் கட்டணம் எல்லாம் அவர் சட்டைப் பையில் இருந்தது. அந்த மேசையில் அன்றைக்கு அண்ணனும் இருந்தார்.

நடந்ததை அங்கே இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். அப்பா கையில் மூன்று ராஜா. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அப்பா காசை அள்ளி வைத்தார். எதிரில் மிச்சம் இருந்தது அண்ணன் மட்டும். அவர் முன்னால் திறந்து கிடந்த நான்கு சீட்டும் வரிசையாக வந்திருந்தன. கவிழ்ந்திருந்த ஐந்தாவது என்ன என்பது அவருக்குத்தான் தெரியும்.

"பெரியப்பா, சீட்டைக் கீழ வச்சிருங்க. வேணாம்" என்றாராம் அண்ணன், தமிழில்.

மேசையில் இருந்த சீனர்கள் சத்தம் போட்டார்கள். ஆட்டத்துக்கு நடுவில் இன்னொரு ஆளின் சீட்டைப் பற்றிப் பேசக்கூடாது. அப்பாவோ, பயமுறுத்தி எழுப்பப் பார்க்கிறான் பையன் என்று நினைத்தார். போக்கர் ஆடுகிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். பையில் மிச்சம் இருந்ததையும் வைத்தார். அண்ணன் ஐந்தாவது சீட்டைத் திருப்பினார். வரிசை முழுசாக இருந்தது. போக்கரில் முழு வரிசை மூன்று ராஜாவை அடித்துவிடும்.

விஷயம் அப்பா வருவதற்கு முன்பே லயத்துக்கு வந்துவிட்டது. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு உபதேசியார் வீட்டுக்குப் போனாள். கிறிஸ்துமஸ் வாரம். உள்ளே பிள்ளைகள் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். அம்மா வாசலில் நின்று கத்தியதும் பாட்டு நின்றுவிட்டது.

"ஏன்யா உபதேசியாரே, ஊருக்கெல்லாம் வேதம் சொல்றியே! ஒம் மவன் எம் புள்ளைங்க சப்பாத்தைப் புடுங்கிட்டு வந்திருக்கான், கேளு!"

உபதேசியார் வெளியே வந்து முழுவதையும் கேட்டார். அண்ணனும் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டார். உபதேசியார் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, "நானே கொண்டுபோய்க் குடுத்துர்றேன்பா" என்றார். எங்கள் கூடவே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆனால் அதற்குள் வீடு வந்திருந்த என் அப்பா அந்தக் காசைத் தொடவில்லை.

"தோத்த காசைக் கைநீட்டி வாங்குற நாயாடா நானு? வெளிய போ!"

அம்மா அழுதாள். அண்ணன் காசை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். கொடுத்திருந்தால் அப்பா அன்றைக்கே அவளை அடித்திருப்பார் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்:

"சரி பெரியப்பா, திருப்பிக் குடுக்கல. நீங்களே ஜெயிச்சு வாங்கிக்குங்க. இந்தக் காசைத் தனியா வைக்கிறேன். ஒங்ககூட ஆடுறப்ப இதுலருந்துதான் எடுப்பேன். ஆனா பிரிஞ்சாங்குல இல்ல. கொட்டகையில. பத்துக் காசு."

"பத்துக் காசா!"

"எங்கிட்டருந்து ஜெயிக்கணும்னா அங்கதான் வரணும்."

அப்பா கெட்ட வார்த்தையில் திட்டி அனுப்பினார். ஆனால் ஜனவரியில் இரண்டாவது சனிக்கிழமை, ஒரு லாரியிலிருந்து இறங்கி, கொட்டகைக்குள் வந்து பெட்டி மேல் உட்கார்ந்தார். அம்மாவின் பக்கமே பார்க்கவில்லை. அம்மாவின் காதில் தோடு இல்லை. தம்பி தங்கைகளின் சப்பாத்துக்காக அது அடகுக்குப் போயிருந்தது. அது வீட்டிலேயே அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஓட்டுநர்கள் யாராவது "மண்டோரே" என்று வாயெடுத்தால், அண்ணன் சட்டென்று சீட்டைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார்.

முதலில் அப்பா ஒரு வெள்ளி மேசையில் ஆடுவதுபோலவே ஆடினார். எல்லாவற்றுக்கும் காசு வைத்தார். எல்லாம் போயிற்று. ஆனால் எவ்வளவு போய்விடும்? ஒரு சாயங்காலம் முழுக்கத் தோற்றாலும் இரண்டு பாக்கெட் சிகரெட்டுக்குத்தான் வரும். மிச்சச் சம்பளம் வீட்டுக்கு வந்தது. அதுதான் அண்ணனுடைய திட்டமா என்று அப்போது எனக்குத் தெரியாது. அப்பா ஒருநாள் எரிச்சலில் கேட்டார்:

"இப்புடி ஆடி எந்தக் காலத்துலடா நான் அதை மீக்கிறது?"

"மெதுவாத்தான் பெரியப்பா. ஆனா ஒண்ணு பாத்தீங்களா? பத்துக் காசுல பயமில்ல. பயமில்லாதப்பதான் சீட்டு கண்ணுக்குத் தெரியும்."

அடுத்த ஆட்டத்தில் அப்பா, நான் பார்க்க முதல்முறையாக, சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஒரு வடை குடு" என்று அம்மாவிடம் கையை நீட்டினார். அம்மா கொடுத்தாள். காசும் வாங்கிக்கொண்டாள்.

அண்ணன் அப்பாவுக்காக வேண்டுமென்றே தோற்றாரா என்று பிற்காலத்தில் பலபேர் கேட்டார்கள். அப்பா கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு தடவகூட விட்டுக் குடுக்கல அவன். நான் ஜெயிச்சதெல்லாம் நான் ஜெயிச்சதுதான்" என்பார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அப்பா கெட்டிக்காரர். அவரை அடக்கியிருந்தது அந்த மண்டோர் நாற்காலிதான்.

மார்ச்சில் என் தேர்வு முடிவு வந்தது. மலாய்ப் பாடத்தில் தவறிவிட்டேன். அந்தக் காலத்தில் மலாயில் தவறினால் மற்றதில் என்ன வாங்கியிருந்தாலும் சான்றிதழ் இல்லை. மறுபடி எழுத வேண்டுமென்றால் எனக்குக் கீழே படித்த பிள்ளைகளோடு ஒரு வருடம் உட்காரவேண்டும். அவர்களில் சிலருக்கு நான் பள்ளிக்கூட விளையாட்டில் தலைவியாக இருந்தவள். செத்தாலும் போகமாட்டேன் என்றேன். அம்மாவின் பழைய கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து பறிக்கப் பெயர் கொடுக்கப் போவதாகச் சொன்னேன். அம்மாவும் சரி என்றுதான் சொன்னாள். வீட்டு நிலைமை அப்படி.

அந்தச் சனிக்கிழமை கொட்டகையில் அண்ணன் தேநீருக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கேட்டார்.

"எத்தன பேப்பர்ல போச்சு?"

"ஒண்ணுலதான். ஆனா அது மலாய்."

"அப்ப மொதலு அப்புடியே இருக்கு. ஒரு ஆட்டம்தானே போயிருக்கு. கீழ போயி உக்காரு தங்கச்சி."

"சிரிப்பாங்கண்ணே."

"சிரிப்பாங்க. ரெண்டு வாரம் சிரிப்பாங்க. அப்புறம் அவங்களுக்கு வேற வேலை வந்துரும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டி மேல் உட்கார்ந்திருந்த அப்பா, கையில் இருந்த சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "போ, போயி உக்காரு. மண்டோரு நானே பத்துக் காசுல உக்காந்திருக்கேன். ஒனக்கென்ன வெக்கம்?"

ஓட்டுநர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனேன். சிரித்தார்கள். இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் கூடவே சிரித்தார்கள்.

வருடத்தின் நடுவில் அண்ணனுக்குக் கோலாலம்பூரில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. லயத்தில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். பிறகுதான் தெரிந்தது, டின்னில் போதுமான காசு இல்லை. வார நாட்களில் அவருக்குக் கூடை சுமக்கும் வேலை. பிரிஞ்சாங் மேசையும் சனிக்கிழமைதான், கொட்டகை மேசையும் சனிக்கிழமைதான். அந்த அரை வருடச் சனிக்கிழமைகளை அவர் என் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து கழித்திருந்தார். அதை யாரும் அதுவரை யோசிக்கவில்லை. அம்மாதான் முதலில் சொன்னாள். வடை மாவைப் பிசைந்துகொண்டே, "அந்தப் புள்ள நம்மளாலதான் நின்னு போச்சு" என்றாள்.

பிரிஞ்சாங் காய்கறி முதலாளி, தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒருவர், அவரைத் தேடி வந்தார். ஹோட்டல் மாடியில் பெரிய மேசை ஒன்று இருந்தது. காசு நான் போடுகிறேன், நீ ஆடு, ஜெயித்தால் பாதி உனக்கு என்றார். ஒரே நாளில் வருடக் கட்டணம் வந்துவிடும். அண்ணன் நன்றி சொல்லி மறுத்துவிட்டார். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "தவுக்கே காசுல உக்காந்தா, எப்ப எழுந்திரிக்கணும்னு தவுக்கேதான் சொல்வாரு பெரியப்பா" என்றார்.

"அப்ப படிப்பு?"

"அடுத்த வருஷம் மறுபடி மனு எழுதிப் போடுறேன். ஒரு வருஷம் கீழ உக்காந்துக்கிறேன். தங்கச்சி உக்காரலையா?"

அப்படியே செய்தார். கூட ஆறாம் படிவம் படித்தவர்கள் பட்டணத்துக்குப் போனார்கள். அவர் கோசுக் கூடை சுமந்தார். ஆனால் அதற்குப் பிறகு அப்பா அவரைத் தன்னோடு ஆடவிடவில்லை. "நீ பிரிஞ்சாங் போ. எனக்கு இங்க ஆளு இருக்கு" என்று லாரிக்காரர்களைக் காட்டினார். அதற்குள் போனஸ் காசில் ஒரு பகுதி அப்பாவிடம் வந்து, அம்மாவின் தோடாகத் திரும்பியிருந்தது. மிச்சத்தை அண்ணன் எங்கள் வீட்டு மேசையில் வைத்தபோது, அப்பா அதை அவர் சட்டைப் பையிலேயே திணித்து, "நீ ஜெயிச்சது. பேசாம வை" என்றார். அப்பா சாகும்வரை சீட்டை விடவில்லை. பத்துக் காசைத் தாண்டவும் இல்லை.

நான் அந்த வருடம் மலாயில் தேறினேன். தாதிப் பயிற்சிக்குப் போனேன். நாற்பது வருடம் வெள்ளைச் சப்பாத்து போட்டு நடந்து, ஓய்வூதியத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். அண்ணன் அடுத்த வருடம் மறுபடி இடம் வாங்கி, படிப்பு முடித்து விவசாயத் துறையில் அதிகாரியானார். பல வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது, இன்னும் ஆடுகிறீர்களா என்று கேட்டேன். கடைசி வருடக் கட்டணம் கட்டியதோடு நிறுத்திவிட்டதாகச் சொன்னார். "தேவை முடிஞ்சிருச்சு தங்கச்சி" என்றார், ஏதோ மருந்தை நிறுத்தியவர் மாதிரி.

அவர் கோலாலம்பூர் புறப்பட்ட காலையை மட்டும் சொல்லிவிடுகிறேன். தானா ராத்தா பஸ் நிலையம், நல்ல பனி. உபதேசியார் வீட்டில் எல்லாரும் வந்திருந்தார்கள். யாரையும் வழியனுப்பப் போகாத என் அப்பாவும் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். அந்தக் கிறிஸ்துமஸ் வாரத்திலிருந்து அவரும் உபதேசியாரும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டதில்லை. இரண்டு பேரும் பஸ்ஸின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

பஸ் கிளம்பப் போகிற நேரத்தில் உபதேசியார் மகனின் தலையில் கை வைத்து, அத்தனை பயணிகளுக்கும் நடுவில் சத்தமாக ஜெபம் பண்ண ஆரம்பித்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். உபதேசியார் நிறுத்தவில்லை.

"ஆண்டவரே, இவன் போன வழி எனக்குச் சம்மதமில்லை. அது உமக்குத் தெரியும். ஆனால் இவன் அடுத்த வீட்டு அடுப்பை அணையவிடவில்லை. அதுவும் உமக்குத் தெரியும்..."

"ஆமென்!" என்றார் என் அப்பா.

பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தவர் எப்போது இந்தப் பக்கம் வந்தார் என்று நான் பார்க்கவில்லை. திருநீறு பூசிய நெற்றியோடு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். ஜெபம் இன்னும் பாதிகூட முடியவில்லை என்பது அவருக்குத் தெரியாது. உபதேசியார் ஒரு கணம் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். பிறகு இன்னொரு கையை எடுத்து அப்பாவின் தோளில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.